வீடே இடறலாமா?

சென்ற திங்கள் நம் சங்கத்தில் நடந்த பட்டிமன்றத்தை நண்பர்கள் மறந்திருக்கமாட்டார்கள். ‘முதியோரைக் காக்க வேண்டியவர் பெற்ற மக்களா, முதியோர் இல்லமா?’ என்பது பொருள். இரு கட்சியினரும் அழகாகப் பேசினர். ‘பெற்றோரை விடுதிக்கு அனுப்புகிறவன் மகனல்லன்’ என்று ஒரு நண்பர் முழங்கியபோது மண்டபம் அதிர்ந்தது. ‘பிழைக்க வந்தவன் ஊரையும் முதுகில் சுமந்துகொண்டா வர முடியும்?’ என்று எதிர்க்கட்சித் தோழி ஒருவர் கேட்டபோதும் அதே கைகள்தாம் தட்டின. நடுவர் இரு பக்கத்தாரும் நோகாதபடி தீர்ப்புக் கூறினார். தேநீரும் வடையும் வந்தன. கலைந்தோம்.

நானும் கை தட்டியவன்தான். ஆனால் விடுதிக்குத் திரும்பும் வழியில் ஓர் எண்ணம் முள்ளாய் உறுத்தியது. இரண்டு மணி நேரப் பேச்சில் பாசம் வந்தது, பண்பாடு வந்தது, மேல்நாட்டு நாகரிகம் வந்தது, நன்றிகெட்ட மருமகள்கூட வந்து போனாள். வயது முதிர்ந்த ஒருவர் இரவு இரண்டு மணிக்குப் படுக்கையை விட்டு எழுந்து குளியலறைக்கு நடந்து போகும் அந்தப் பத்தடித் தூரம் மட்டும் எவர் பேச்சிலும் வரவில்லை. அதைப் பேசியிருக்க வேண்டியவன் நான். எனக்கு அன்று நா எழவில்லை. ஏன் எழவில்லை என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

என் அப்பத்தாவுக்கு வயது எழுபத்தெட்டு. மணப்பாறைக்கு அருகில் ஒரு சிற்றூரில் தனியே இருக்கிறார். தாத்தா மறைந்து பதினோர் ஆண்டுகள் ஆகின்றன. அப்பாவும் அம்மாவும் திருப்பூரில், அண்ணன் சென்னையில், நான் இங்கே பெங்களூரில் இயற்பியல் முதுகலை படிக்கிறேன். ‘எங்களோடு வந்துவிடுங்கள்’ என்று நாங்கள் அழைக்காத பொங்கல் இல்லை. அவர் சொல்லும் விடையும் மாறியதில்லை.

“என் வீட்டுல கண்ணை மூடிக்கிட்டு நடப்பேன் ராசா. ஒங்க வீட்டுல கண்ணைத் தொறந்துக்கிட்டே தடுமாறுவேன்.”

இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு அண்ணனும் நானும் சேர்ந்து அந்த வீட்டைப் புதுப்பித்தோம். தாத்தா காலத்துச் சிமெண்டுத் தரை தேய்ந்து சொரசொரத்து, ஆங்காங்கே வெடித்தும் கிடந்தது. அதன்மேல் பளபளக்கும் வெள்ளை டைல்ஸ் பதித்தோம். மாலை வேளைகளில் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்து நான் சேர்த்த பணமும் அதில் உண்டு. வேலை முடிந்த அன்று அப்பத்தா தரையை நெடுநேரம் பார்த்தார். “மொகம் பாக்கலாம் போல இருக்கே” என்றார். புகழ்ச்சி என்று எண்ணிப் பூரித்தோம். அது அச்சம் என்று உணரும் அறிவு எங்களுக்கு இல்லை.

அவ்வாண்டு மார்கழியில் ஒருநாள், விடியுமுன் குளியலறையிலிருந்து ஈரக்காலோடு வெளியே வந்தவர் அந்தத் தரையில் வழுக்கி விழுந்தார். பழைய தரையின்மேல் புதிய ஓடு பதித்ததால் குளியலறை வாயிலில் முன்பு இல்லாத அரையங்குல விளிம்பு ஒன்றும் எழுந்திருந்தது. தொடையெலும்பு இடுப்புக்கு அருகில் முறிந்தது. கைப்பேசி கட்டிலின்மேல் கிடந்தது. பால்காரர் வந்து கதவைத் தட்டும் வரையில், ஏறத்தாழ இரண்டு மணி நேரம், அந்தக் குளிர்ந்த வெள்ளைத் தரையில் அவர் கிடந்தார். பிறகு திருச்சியில் அறுவை. மூன்று திங்கள் படுக்கை. அம்மா வேலையை விட்டுவிட்டு ஊரோடு இருந்தது. அப்பா வட்டிக்கு வாங்கியது. இவை எல்லா வீடுகளிலும் நடப்பவையே, விரித்துரைக்க வேண்டியதில்லை.

திருடன் தள்ளவில்லை, மாடு முட்டவில்லை. பேரன்மார் இருவர் அன்போடு போட்டுக் கொடுத்த தரையே தள்ளிற்று. அன்று பட்டிமன்றத்தில் ‘அன்புள்ள மக்கள் போதும்’ என்று ஒரு கட்சி வாதாடியபோது நான் வாய் திறக்காதிருந்த காரணம் இதுதான். அன்பு எங்களிடம் குறைவில்லை. அறிவுதான் குறைந்திருந்தது.

ஆனைக்கும் அடி சறுக்கும் என்பது பழமொழி. சறுக்கியபின் ‘விதி’ என்று சொல்லி நகர்ந்துவிடுவது வழக்கம். ஆனை ஏன் சறுக்கிற்று என்று கேட்பதே விஞ்ஞான மாணவனின் கடமை. கேட்போம்.

நாம் நடக்கும்போது முன்னே வைக்கும் காலின் குதிகால் தரையை முன்னோக்கித் தள்ளுகிறது. அக்கால் வழுக்கி ஓடிவிடாமல் பிடித்து நிறுத்துவது உராய்வு ஒன்றே. வழுவழுப்பான ஓட்டின்மேல் நீர் படர்ந்தால், பாதத்துக்கும் தரைக்கும் நடுவே மெல்லிய படலமாகப் புகுந்து அப்பிடியைத் தளர்த்திவிடுகிறது. சொரசொரப்பான தரையிலோ, சிறு மேடுகள் நீரைக் கிழித்துக்கொண்டு பாதத்தைத் தொடுகின்றன. நீர் பள்ளங்களில் ஒதுங்கிக்கொள்கிறது. அழகில்லை என்று நாங்கள் மூடி மறைத்த அந்தத் தேய்ந்த சிமெண்டுத் தரைதான் இத்தனை ஆண்டுகளாக அப்பத்தாவை விழாமல் தாங்கி வந்தது!

உங்களுக்கும் எனக்கும் கால் வழுக்கத்தான் செய்கிறது. ஆனால் மறுகால் நொடிப்பொழுதில் முன்னே பாய்ந்து உடலைத் தாங்கிவிடும். நாமும் சிரித்துக்கொண்டே நடந்துவிடுவோம். முதுமையில் அந்த விரைவு தசைக்கு இல்லை. பாதத்தின் உணர்ச்சி மங்குகிறது. உட்செவியில் அமைந்த சமநிலை உறுப்பும் தளர்கிறது. கண்ணின் வில்லை மஞ்சளித்துக் கண்மணியும் சுருங்குவதால் உள்ளே செல்லும் ஒளி குறைகிறது. படுத்திருந்தவர் சட்டென்று எழுந்தால் இரத்த அழுத்தம் தாழ்ந்து தலை சுற்றும். இரத்த அழுத்தத்துக்கு மருந்து உண்பவர்க்கு இந்த இடர் இன்னும் மிகுதி. மாதவிடாய் நின்றபின் பெண்களின் எலும்பு விரைந்து நலிவதால், விழுந்தால் முறிவதும் எளிதாகிவிடுகிறது.

இவற்றை நீக்கி எழுபத்தெட்டு வயது உடலை இருபத்துமூன்றுக்குத் திருப்ப எந்த விஞ்ஞானத்தாலும் ஆகாது. ஆனால் தரையைத் திருத்தலாம். படியைத் திருத்தலாம். விளக்கை இடம் மாற்றலாம். பிடித்துக்கொள்ள ஒரு கம்பி வைக்கலாம். உடல் தளரத் தளர வீடு அதற்கு ஈடு கொடுக்க வேண்டும். இந்த ஒன்றைச் சொல்லவே எழுதுகிறேன்.

‘ஒரு பாட்டி விழுந்ததற்கு இத்தனை ஆர்ப்பாட்டமா?’ என்று சிலர் கேட்கலாம். உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, ஆண்டுதோறும் உலகில் 6,84,000 பேர் கீழே விழுந்து இறக்கின்றனர். தற்செயலாக நேரும் காயங்களால் வரும் சாவுகளில் சாலை விபத்துக்கு அடுத்த இடம் இதற்கே. அவ்வாறு இறப்போரில் மிகுதியானவர் அறுபதைக் கடந்தவர்கள். நம் நாட்டில் 2011ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படியே அறுபதைக் கடந்தவர்கள் பத்துக் கோடிக்கு மேல். தமிழ்நாட்டில் அன்று நூற்றுக்குப் பத்துப் பேர் முதியவர்கள். 2031இல் அது நூற்றுக்குப் பதினெட்டாகும் என்பது அரசின் மதிப்பீடு. பெரிய மாநிலங்களில் கேரளத்தை விட்டால் மூத்த மாநிலம் நம்முடையது. இளைஞர்கள் ஓசூரைத் தாண்டி இங்கே வந்துவிட்டோம். வீட்டைக் காத்துக்கொண்டிருப்பவர்கள் யாரென்று ஒவ்வொருவரும் தத்தம் வீட்டை எண்ணிப் பார்த்துக்கொள்ளலாம்.

இது நாட்டுப்புறத்துக் கதை என்று பெங்களூர்வாசிகள் ஒதுக்கிவிட வேண்டா. இந்நகரில் இருபதுக்கு முப்பது மனை என்பது எல்லோரும் அறிந்த கணக்கு. அந்த அறுநூறு சதுர அடியில் மூன்று மாடி எழும்புகிறது. இடம் எல்லாம் அறைக்கே போய்விட்டபின், எஞ்சிய மூலையில் வெளிப்புறமாக ஒரு படிக்கட்டு, ஏணிக்குத் தம்பிபோல நிற்கிறது. குடியிருப்புகளில் ஒரு படியின் உயரம் 190 மில்லிமீட்டருக்கு மேற்படலாகாது, கால் வைக்கும் அகலம் 250 மில்லிமீட்டருக்குக் குறையலாகாது என்பது தேசியக் கட்டட விதி. நண்பர் ஒருவர் குடியிருக்கும் வாடகை வீட்டில் அளவுநாடாவோடு ஏறிப் பார்த்தேன். ஒரு படி எட்டரை அங்குலம், அடுத்தது ஏழு, அதற்கடுத்தது ஒன்பது. உயரத்தைவிட இந்த ஒழுங்கின்மை கொடியது. கால் முதற்படியின் அளவைப் பழகிக்கொள்கிறது. அடுத்த படி வேறாக இருந்தால் ஏமாந்துபோகிறது. அந்த வீட்டின் மேல்மாடியில் இருக்கும் மூதாட்டி கீழே இறங்கி மாதங்கள் பல ஆயின என்று நண்பர் சொன்னார். அவருக்கு நோய் ஒன்றுமில்லை. படிக்கட்டு அவரைச் சிறை வைத்திருக்கிறது.

அலசூரிலும் சிவாஜிநகரிலும் ஸ்ரீராமபுரத்திலும் தலைமுறை தலைமுறையாக வாழும் நம் மக்களின் வீடுகளுக்குப் போனவர்கள், குறுகிய சந்தையும் உயர்ந்த வாசற்படியையும் கண்டிருப்பார்கள். இன்னும் சற்றுத் தள்ளிக் கோலார் தங்கவயலுக்குப் போய் வரலாம். 1880களில் தொடங்கிய பெருஞ்சுரங்கத் தொழிலுக்குத் தமிழ் மாவட்டங்களிலிருந்து சென்ற உழைப்பாளிகளால் வளர்ந்த ஊர் அது. சிவனசமுத்திரத்திலிருந்து 1902இலேயே அங்கு மின்சாரம் போயிற்று. சுரங்க இயந்திரங்களுக்குப் போயிற்று. 2001இல் சுரங்கம் மூடப்பட்டது. தொழிலாளருக்கென்று வரிசை வரிசையாகக் கட்டிய லைன் வீடுகளில் இன்றும் மக்கள் வாழ்கிறார்கள். விடிந்தால் இளையவர்கள் மாரிக்குப்பத்து ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்கு வந்துவிடுகிறார்கள். இருட்டியபின்தான் திரும்புகிறார்கள். இடைப்பட்ட பகல் முழுதும் மூத்தவர்கள் அந்த வீடுகளில் தனியே. மகன் கைவிட்டுவிட்டான் என்று அவர்களில் எவரையும் சொல்ல முடியாது; மகன் அன்றாடம் வீடு திரும்புகிறான். ஆனாலும் பகல் பதினொரு மணிக்கு வழுக்கினால் தாங்கப் பக்கத்தில் யாருமில்லை. நம் பட்டிமன்றத்தின் இரு கட்சிகளில் எந்தக் கட்சியில் இவர்களைச் சேர்ப்பது?

சட்டம் இல்லையா என்று கேட்பீர்கள். 2007ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் இருக்கிறது. உணவு, உடை, உறையுள், மருத்துவம் ஆகியவற்றைத் தரும் கடமையை அது மக்கள்மேல் சுமத்துகிறது. நன்று. ஆனால் அந்த உறையுளின் தரை வழுக்குமா என்று அது கேட்பதில்லை. வறிய முதியோர்க்குக் கைத்தடியும் நடைச்சட்டமும் மூக்குக்கண்ணாடியும் வழங்கும் ‘ராஷ்டிரிய வயோஸ்ரீ’ என்னும் திட்டத்தை நடுவண் அரசு 2017இல் தொடங்கிற்று. அதுவும் நன்று. ஆனால் நடைச்சட்டம் வீட்டுக்குள் வந்தபின், ஓரடி உயர வாசற்படியில் அது ஏறுமா? இந்நகரில் நைட்டிங்கேல்ஸ் மருத்துவ அறக்கட்டளையும் நகரக் காவல்துறையும் சேர்ந்து முதியோர்க்கென 1090 என்னும் உதவித் தொலைபேசியை 2002இல் ஏற்படுத்தின. இன்று 14567 என்னும் எண் நாடு முழுமைக்கும் உண்டு. இடுக்கண் வந்தபின் அழைக்க வழியிருக்கிறது. வருமுன் காக்க நாம் என்ன செய்தோம்?

பிற நாடுகளில் செய்தவற்றைப் பார்ப்போம். தமிழும் ஆட்சிமொழியாக விளங்கும் சிங்கப்பூரில் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் 2012இல் ஒரு திட்டம் தொடங்கிற்று. முதியோர் வாழும் அடுக்குவீடுகளில் குளியலறைக்குக் கைப்பிடிக் கம்பிகள், ஓட்டின் வழுக்கலைப் போக்கும் பூச்சு, படிகளுக்குச் சாய்தளம் ஆகியவற்றை அமைத்துத் தருகிறது. செலவில் குடிமக்கள் கொடுப்பது நூற்றுக்கு ஐந்து முதல் பன்னிரண்டரை வரைதான், மிச்சம் அரசினுடையது. ஜப்பானில் 2000ஆம் ஆண்டில் வந்த நெடுநாள் பராமரிப்புக் காப்பீட்டில், உதவி தேவைப்படும் முதியவர் தம் வீட்டில் கைப்பிடி வைக்கவும் மேடு பள்ளங்களைச் சமன் செய்யவும் இரண்டு லட்சம் யென் வரையிலான செலவுக்கு இடம் வைத்தார்கள்.

‘செல்வ நாடுகள், செய்கின்றன’ என்று எவரேனும் சொல்லலாம். செய்ததால் பயன் உண்டா என்பதே நம் வினா. நியூசிலாந்தில் தரனாக்கி என்னும் பகுதியில் 842 வீடுகளை எடுத்துக்கொண்டு ஓர் ஆய்வு நடத்தி 2015இல் முடிவை வெளியிட்டார்கள். சீட்டுக் குலுக்கியதுபோல் ஒரு பாதி வீடுகளைத் தேர்ந்து, படிகளுக்குக் கைப்பிடி, குளியலறைக்குக் கம்பி, வாசலுக்கு விளக்கு, வெளிப்படிகளுக்கு வழுக்காத விளிம்பு ஆகியவற்றை உடனே அமைத்தார்கள். மறுபாதியைப் பின்னர் செய்து தருவதாகச் சொல்லி விட்டுவைத்தார்கள். திருத்திய வீடுகளில் விழுந்து காயப்படுவது 26 விழுக்காடு குறைந்தது. முதியவர்க்கு மட்டுமன்று, வீட்டிலிருந்த எல்லா வயதினருக்கும் சேர்த்துக் கிடைத்த பயன் அது. காக்ரேன் என்னும் மருத்துவ ஆய்வுக் குழுவினர் 2023இல் இத்தகைய ஆய்வுகள் பலவற்றைத் தொகுத்துப் பார்த்தபோதும், வீட்டிலுள்ள இடர்களை நீக்கினால் முதியோர் விழுவது நான்கில் ஒரு பங்கு குறைகிறது என்றே கண்டார்கள். முன்னமே விழுந்தவர், நடை தளர்ந்தவர் ஆகியோரின் வீடுகளைத் தேர்ந்து திருத்தினால் பயன் இன்னும் மிகுதி, 38 விழுக்காடு. கைப்பிடிக் கம்பி உருக்காலையின் பொருள்; ராக்கெட்டு அன்று. அதை நம் ஊர்க் கொத்தனாரும் வைப்பார்.

நிற்க. எதிர்க்கட்சியின் வாதங்களுக்கு விடை சொல்லாமல் முடிப்பது முறையன்று.

‘மகன் அருகிலிருந்தால் கம்பி எதற்கு?’ என்பர் ஒரு சாரார். மகன் அடுத்த அறையில்தான் உறங்குகிறான் என்று வைத்துக்கொள்வோம். இரவு இரண்டு மணிக்குச் சிறுநீர் கழிக்க எழும் தாய், ‘பிள்ளை பகலெல்லாம் உழைத்துக் களைத்திருக்கிறான்’ என்று அவனை எழுப்பமாட்டாள். நம் தாய்மாரை அறிந்தவர்களுக்கு இதைச் சொல்லி விளக்க வேண்டியதில்லை. எழுப்பக் கூசாத துணை அவளுக்கு ஒன்று வேண்டும். சுவரிலுள்ள கம்பி அது.

‘கம்பி வைத்தால் கிழவன் ஆகிவிட்டேன் என்று ஊர் சொல்லும்’ என்பவர் முதியவர்களிலேயே உளர். மூக்குக்கண்ணாடி போட்டபோது இந்த மானம் எங்கே போயிற்று? பேருந்தில் ஏறினால் இருபது வயதுக் காளையும் மேலே கம்பியைத்தானே பற்றுகிறான்!

‘வாடகை வீட்டில் ஆணி அடிக்கக்கூட விடமாட்டார்கள்’ என்பது மெய்யான இடர். ஆணி அடிக்காமல் ஆகிற வேலையை முதலில் செய்யலாம். நடைவழியில் கிடக்கும் சாக்கையும் கம்பிச் சுருளையும் அகற்றுவது, ஓரம் சுருண்ட மிதியடியை எடுத்துவிடுவது, கட்டிலுக்கருகே கைக்கெட்டும் விளக்கு ஒன்று வைப்பது, படியின் விளிம்பில் பட்டையாக நிறம் தீட்டுவது ஆகிய இவற்றுக்கு எந்த வீட்டுக்காரரும் தடை சொல்லார். கம்பிக்கும் கேட்டுப் பார்க்கலாம். அவர் வீட்டிலும் ஒரு முதியவர் இருப்பார்.

இன்னொரு வாதத்தை நான் மறுக்கவில்லை; ஒப்புக்கொள்கிறேன். கம்பி பேசாது. கம்பி கஞ்சி காய்ச்சித் தராது. நினைவு தவறியவர்க்கும் படுக்கையோடு கிடப்பவர்க்கும் மனிதத் துணைதான் வேண்டும். ‘ஊரில் எல்லாம் வைத்துக் கொடுத்துவிட்டேன்’ என்று சொல்லித் தீபாவளிக்குக்கூடப் போகாமல் இருக்க இதைச் சாக்காக்குகிறவன் இருந்தால், அவனுக்காக நான் வாதாட வரவில்லை. ஆனால் விழாமல் நடமாடும் முதியவர் அடுத்த வீட்டுத் திண்ணைக்குப் போவார், கோயிலுக்குப் போவார், நாலு பேரோடு பேசுவார். விழுந்தவரும், விழுந்துவிடுவோமோ என்று அஞ்சுகிறவரும் மூலையில் முடங்கிவிடுகிறார்கள். தனிமையைப் போக்க நினைப்பவனும் தரையிலிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கிறது.

அப்பத்தாவின் கதையை முடித்துவிடுகிறேன். அவர் நடைச்சட்டத்தோடு எழுந்து நிற்கத் தொடங்கிய பின்பு, விடுமுறையில் ஊருக்குப் போய்க் கொத்தனாரையும் அழைத்துக்கொண்டு வேலை தொடங்கினேன். குளியலறை வாயிலின் விளிம்பை உடைத்துச் சரிவாகப் பூசினோம். உள்ளே வழுக்காத சொரசொரப்பான ஓடு. படுக்கையிலிருந்து குளியலறை வரையில் சுவரோரமாக எஃகுக் குழாய். கதவுக்குப் பின்னால் இருந்த விளக்கு விசையைக் கட்டிலின் தலைமாட்டுக்குக் கொண்டுவந்தோம். தரையில் உட்கார்ந்து எழும் கழிப்பறைக்குப் பதிலாக நாற்காலிபோல் அமரும் பீடம். வாசற்படிக்குச் சாய்தளம், ஓரங்குலம் உயர்வதற்குப் பன்னிரண்டு அங்குல நீளம் என்ற கணக்கில் போட்டோம், இதைவிடச் செங்குத்தானால் நடைச்சட்டத்தோடு ஏறுவது கடினம். பளபளப்பான அந்த ஓட்டை முழுதும் பெயர்க்கப் பணம் போதவில்லை. நடக்கும் வழியில் மட்டும் பெயர்த்தெடுத்துப் பழையபடி சிமெண்டு பூசினோம். வெள்ளைத் தரையின் நடுவே ஒற்றையடிப் பாதைபோல ஒரு சாம்பல் நிறக் கோடு. பார்க்க அழகாக இல்லை.

கம்பியின் உயரத்துக்கு நான் நூலில் படித்த அளவின்படி சுவரில் சுண்ணக்கட்டியால் கோடு போட்டேன். அப்பத்தா அதைப் பார்த்துவிட்டு, “இது யாருக்குடா, ஒனக்கா எனக்கா?” என்றார். பிறகு தாமே கையை நீட்டி, அது இயல்பாகப் போய் நின்ற இடத்தில் சுவரைத் தொட்டுக் காட்டினார். என் கோட்டுக்கு நாலு அங்குலம் கீழே. அதுவும் நான் குறித்த வலப்பக்கத்தில் அன்று, இடப்பக்கத்தில். வலத்தோளில் அவருக்கு வலி உண்டென்பது அன்றுதான் எனக்குத் தெரியும். டைல்ஸ் பதிக்கும்போது இவ்வாறு ஒரு சொல் கேட்டிருந்தால்? அவர் கையைக் கேட்டதுபோல் அன்று அவர் காலைக் கேட்டிருந்தால்?

தோழர்களே, தோழியரே! அடுத்த விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது பையில் ஓர் அளவுநாடாவும் எடுத்துச் செல்லுங்கள். போன அன்று இரவு விளக்கைப் போடாமல், உங்கள் பாட்டியோ தாத்தாவோ படுக்கும் இடத்திலிருந்து குளியலறை வரையில் நீங்களே மெல்ல நடந்து பாருங்கள். எங்கே கை சுவரைத் தேடுகிறது, எங்கே கால் தயங்குகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். மறுநாள் காலையில் அவர்களையே கேளுங்கள்: எந்த இடத்தில் பயம்? எங்கே பிடித்துக்கொள்கிறீர்கள்? இதற்கு முன் விழுந்ததுண்டா? கடைசி வினாவுக்கு முதலில் ‘இல்லை’ என்றுதான் விடை வரும். சற்றுப் பொறுத்து இன்னொரு முறை கேளுங்கள். அதன் பிறகு கொத்தனாரைக் கூப்பிடுங்கள்.

நம் சங்கத்துக்கும் ஒரு வேண்டுகோள் உண்டு. ஆண்டுதோறும் பொங்கல் விழாவும் இலக்கிய விழாவும் குறைவின்றி நடத்துகிறோம். அவற்றோடு பருவத்துக்கு இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளை ஒதுக்குவோம். விருப்பமுள்ள பத்துப் பேர், ஒரு கொத்தனார், சில கம்பிகள், சில விளக்குகள், இவ்வளவே தேவை. முதலில் நம் விடுதிச் சமையற்கூடத்திலும் தோட்டத்திலும் உழைத்து ஓய்வு பெற்றவர்களின் வீடுகளுக்குப் போவோம். பிறகு அலசூருக்கும் ஸ்ரீராமபுரத்துக்கும் போகலாம். தமிழர் வீடு, கன்னடர் வீடு என்று பாகுபாடு வேண்டா. வழுக்கும் தரைக்கு மொழி கிடையாது. நாலைந்து வீடுகளைத் திருத்திக் காட்டிவிட்டால், ‘முதியோர் வாழும் ஏழை வீடுகளுக்கு இதை நீங்களே செய்து தாருங்கள்’ என்று அரசினரிடம் கேட்க நமக்கு வாய் இருக்கும்.

முதியோர் எங்கே வாழவேண்டும் என்று முடிவு செய்ய நாம் யார்? என் அப்பத்தா தம் வீட்டில் வாழ விரும்புகிறார். அங்கே வேப்பமரம் இருக்கிறது. தாத்தாவின் படம் இருக்கிறது. ‘என்ன அத்தாச்சி, சாப்பிட்டாச்சா?’ என்று கேட்க ஆளிருக்கிறது. அவ்விருப்பத்தை ஏற்று, அதற்கேற்ப வீட்டைத் திருத்துவது நம் வேலை. சென்ற வாரம் தொலைபேசியில் பேசினார். இரவில் கட்டிலிலிருந்து எழுந்து கம்பியைப் பற்றிக்கொண்டு அந்தச் சாம்பல் கோட்டின்மேல் நடந்து போய் வருகிறாராம். “வெளக்குகூடப் போடறதில்ல ராசா” என்றார். விளக்கைப் போட்டுக்கொண்டே போகவேண்டும் என்று நான் சண்டையிட்டேன். அவர் சிரித்தார்.

அடுத்த பட்டிமன்றத்துக்கு நானும் பெயர் கொடுத்திருக்கிறேன். இம்முறை வாய்மூடி இருக்கமாட்டேன், அளவுநாடாவோடு வருகிறேன்.